மைக் வழியாக வீட்டுக்குள் வருவது யார்?

கேள்வி: நாங்கள் கம்பத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போனால் இறங்கி வர மாலை ஐந்தரை ஆகிவிடும். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 14. பழைய போன் ஒன்றை அவர்களிடம் விட்டுப் போகிறோம். மகன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுகிறான். போன வாரம் போனுக்குள்ளிருந்து யாரோ மலையாளத்தில் மிகக் கேவலமாகத் திட்டினார்கள். எனக்குப் புரியாது என்று அவன் நினைத்துவிட்டான். பதினைந்து வருடமாகத் தோட்டத்தில் மலையாளிகளோடு வேலை செய்கிறேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மகள் ரோப்ளாக்ஸ் விளையாடுகிறாள். அதில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாளாம். எதை அனுமதிப்பது, எதை நிறுத்துவது? பிளே ஸ்டோரில் போட்டிருக்கும் வயதை நம்பலாமா?

பதில்: சகோதரி, உங்கள் காதில் விழுந்த அந்த வசவு, பிளே ஸ்டோரின் வயது எண்ணில் அடங்காத ஒன்று. உங்கள் கேள்விக்கான பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிளே ஸ்டோரில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று போட்டிருப்பார்கள். விளையாட்டைத் தயாரித்தவர்கள் ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பித் தருகிறார்கள். சண்டை உண்டா, ரத்தம் தெரிகிறதா, ஆபாசம் உண்டா, போதைப்பொருள், சூதாட்டம் வருகிறதா என்பவைதான் கேள்விகள். அந்தப் பதில்களை வைத்து எண் முடிவாகிறது. 2015 முதல் கூகுள் இந்த முறையைப் பின்பற்றுகிறது. அந்த எண்ணைத் தள்ளிவிடாதீர்கள். 16+ அல்லது 18+ என்றிருந்தால் 11 வயதுப் பையனுக்கு வேண்டாம், அதில் பேச்சே இல்லை. ஆனால் 7+ என்றிருந்தால் உடனே கொடுத்துவிடலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். தயாரித்தவர்கள் எழுதி வைத்த காட்சிகளுக்குத்தான் அந்த எண். எங்கோ உட்கார்ந்துகொண்டு மைக்கில் பேசுகிறவனின் வாய்க்கு யாரும் எண் போட முடியாது. அதனால்தான் பயனர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியும், விளையாட்டுக்குள் பொருள் வாங்க முடியும் என்ற குறிப்புகளைத் தனியாகச் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். பெரிய எண்ணைப் பார்க்கும் பெற்றோர் பலர் இந்தச் சின்ன எழுத்தைப் படிப்பதில்லை. நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். அந்தப் போனில் யாருடைய ஜிமெயில் கணக்கு இருக்கிறது? நான் பார்க்கும் பெரும்பாலான வீடுகளில் அம்மாவுடையதோ அப்பாவுடையதோதான். அப்படியென்றால் பிளே ஸ்டோரைப் பொறுத்தவரை அந்தப் போனில் விளையாடுவது நாற்பது வயதுப் பெண்மணி. விளையாட்டு நிறுவனங்கள் சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்புகள் எதுவும் உங்கள் மகனுக்குப் பொருந்தாது. பிஜிஎம்ஐ என்ற இன்னொரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் என்ற வரம்பு உண்டு. அம்மாவின் பிறந்த தேதியில் விளையாடுகிற பையனை அது எப்படித் தடுக்கும்? பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்கு தொடங்கி, கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி மூலம் அதை உங்கள் போனோடு இணைத்துவிடுங்கள். எந்த விளையாட்டை இறக்குவதானாலும் அனுமதி கேட்டு உங்களுக்குச் செய்தி வரும். எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் தோட்டத்தில் இருந்தபடியே வைக்கலாம்; சிக்னல் கிடைத்தால் போதும்.

இனி மைக். ஃபோர்ட்நைட் விளையாட்டைத் தயாரித்த எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க அரசுடன் மொத்தம் 52 கோடி டாலருக்கு இரண்டு வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. அரசு வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, சிறுவர்களுக்கும் குரல் உரையாடல் தானாகவே திறந்திருக்கும்படி வைத்திருந்தது. யாரும் கேட்காமலே கதவு திறந்திருந்தது. உங்கள் மகனின் விளையாட்டிலும் திரை ஓரத்தில் மைக், ஸ்பீக்கர் படங்கள் இருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டும் விளையாடலாம். 'அணைத்தால் டீமோடு பேச முடியாது, தோற்றுவிடுவோம்' என்று அவன் சொல்வான். அவன் சொல்வது உண்மைதான். அந்த விளையாட்டே நான்கு பேர் கூட்டாகப் பேசிக்கொண்டு ஆடுவதற்காகச் செய்யப்பட்டது. அப்படிப்பட்ட விளையாட்டு, பெரியவர் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் 11 வயதுக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து. துப்பாக்கியைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் குரல்கள்தான்.

பணத்துக்கு வருவோம். விளையாட்டு இலவசம், உடைக்கும் துப்பாக்கியின் வண்ணத்துக்கும் டைமண்ட் என்ற விளையாட்டுக் காசை நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். சில பெட்டிகளில் என்ன கிடைக்கும் என்பது திறந்த பிறகுதான் தெரியும். இப்படிக் காசு கொடுத்துக் குலுக்கிப் பார்க்கும் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-இல் முடிவெடுத்தது. நம் நாட்டிலும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ரம்மி மாதிரியானவை எந்த வயதுக்கும் வேண்டாம். டைமண்ட் கடை அந்தச் சட்டத்தில் வராது. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று கேட்கிறேன், உங்கள் யுபிஐ ரகசிய எண் மகனுக்குத் தெரியுமா? மளிகைக் கடையில் அம்மாவுக்காகப் பணம் அனுப்பித் தருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். இன்றே மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தினமும் நடப்பது. 'போதும், போனை வை' என்றால் 'ஒரு நிமிஷம்மா' என்கிறான், அரை மணி ஆகிறது. பிடிவாதம் மட்டும் இதற்குக் காரணமல்ல. ஐம்பது பேர் இறங்கும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. எழுந்து போனால் கூட்டாளிகள் தோற்பார்கள், திட்டும் வாங்குவான். ஓர் ஆட்டம் சுமார் பத்து நிமிடம். ஆகவே நிமிடத்தைச் சொல்லாதீர்கள், ஆட்டத்தை எண்ணுங்கள். 'இரண்டு மேட்ச், அதற்குப் பிறகு சாப்பாடு' என்றால் அவனால் நிறுத்த முடியும். அப்படிச் சொல்லியும் மாதக்கணக்கில் நிறுத்த முடியாமல், தூக்கமும் படிப்பும் கெட்டு, அது தெரிந்தும் விளையாடிக்கொண்டே இருந்தால் அது வேறு நிலை. உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு கோளாறாகவே பட்டியலிட்டிருக்கிறது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மகள் விஷயம் வேறு. ரோப்ளாக்ஸ் ஒரே விளையாட்டு அல்ல, சந்தை மாதிரி. யார் யாரோ செய்த லட்சக்கணக்கான விளையாட்டுகள் அதற்குள் இருக்கின்றன. வீடு கட்டுவதும் பீட்சா கடை நடத்துவதும் நல்லவைதான். அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன என்று சொல்ல முடியாது. 14 வயதுப் பெண்ணிடம் அதைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தோழியின் போனில் விளையாடுவாள், உங்களிடம் சொல்வதும் நின்றுவிடும். அந்தத் தோழியைப் பற்றிச் சாதாரணமாகக் கேளுங்கள்: எந்த ஊர், எப்படிப் பழக்கம், வேறு செயலிக்கு வரச் சொன்னாளா, படம் கேட்டாளா, ரோபக்ஸ் (ரோப்ளாக்ஸின் விளையாட்டுக் காசு) வாங்கித் தருகிறேன் என்றாளா, வீட்டில் சொல்லாதே என்றாளா. கடைசி நான்கில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். உரையாடலை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

மகனுக்கு என்ன கொடுப்பது? நீங்கள் வரும்வரை நெட் இல்லாமல் ஓடுகிற விளையாட்டு மட்டும். டேட்டாவை அணைத்துவிட்டால் பேச்சும் இல்லை, கடையும் இல்லை, பெரும்பாலான விளம்பரமும் இல்லை. கம்ப்யூட்டரோடு ஆடும் சதுரங்கம், கார் பந்தயம், புதிர்கள் எல்லாம் அப்படி ஓடும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் மைன்கிராஃப்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒருமுறை காசு கொடுத்து வாங்குவது, தனியாக உட்கார்ந்து கட்டலாம். ஐரோப்பாவில் அதற்கு 7 வயது போட்டிருக்கிறார்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸை ஒன்பதாம் வகுப்பில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

ஆனால் அதைச் சொல்வதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை அவனை அதையே விளையாடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். ஸ்பீக்கர் திறந்தே இருக்கட்டும். யார் பேசுகிறார்கள், எங்கே காசு கேட்கிறது, எப்படி ஜெயிப்பது என்று அவனே உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். மூன்று ஆட்டம் போதும். முடிந்ததும், போன வாரம் கேட்ட மலையாளம் உங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது என்பதை அவனிடம் சொல்லிவிடுங்கள்.