வெளிநாடு போகும்போது வீட்டு வீடியோக் கசெட்டுகளை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: கிளிநொச்சியிலிருந்து குடும்பத்தோடு கனடா போகிறோம், கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று ஒரு பெட்டி நிறைய வீடியோக்கள் கசெட்டிலும் சிடியிலும் இருக்கின்றன, கொண்டுபோவதா, விட்டுவிட்டுப் போவதா?

கொண்டுபோங்கள். ஆனால் கசெட்டாக வேண்டாம், கொப்பியாகக் கொண்டுபோங்கள். அந்தக் கொப்பியை இங்கேயே, ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அங்கே போய் ஆறுதலாகப் பார்ப்போம் என்று பெட்டியில் போட்டுக் கொண்டுபோனவர்கள் பலரின் வீட்டில் அது இன்னும் பெட்டியோடுதான் இருக்கிறது.

முதலில் மெசின் விஷயம். நம் நாட்டில் எடுத்த கசெட்டுகள் பால் (PAL) என்கிற டிவி முறையில் பதிந்தவை, நொடிக்கு 25 படம், 625 வரி. கனடாவில் இருந்தது என்டிஎஸ்சி (NTSC) என்கிற வேறு முறை, நொடிக்குக் கிட்டத்தட்ட 30 படம், 525 வரி. அங்கத்தைய சாதாரண டெக்கில், அதாவது கசெட் ஓட்டுகிற மெசினில், நம்முடைய கசெட்டைப் போட்டால் படம் ஒழுங்காக வராது. இங்குள்ள டெக்கையே தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் நமக்கு 230 வோல்ட், அங்கே 120. லண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் இருந்தது பால்தான். ஆனால் டெக்குக்கு எங்கே போவது? கடைசிவரை விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஊரில் யாரிடமாவது ஓடுகிற டெக் இருந்தால், அல்லது பழைய வீடியோக்காரர் ஒருவர் இன்னும் தன்னுடையதை வைத்திருந்தால், இப்போதே போய்ப் பேசுங்கள்.

கசெட்டைப் போடுவதற்கு முன் மூடியைத் திறந்து நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் அப்படியே போடவே கூடாது, அது டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கசெட்டுகளையும் கெடுத்துவிடும். தகரக் கொட்டில் சூட்டிலும் மாரி ஈரத்திலும் இருந்த கசெட்டுகள், 2018 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து காய்ந்த கசெட்டுகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். நல்லதாகத் தெரிகிறவற்றை ஒருமுறை முழுதாக முன்னுக்கு ஓட்டிப் பின்னுக்குச் சுற்றிவிட்டுப் போட்டால் நாடா சிக்குவது குறையும். டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை யுஎஸ்பியில் செருகுகிற சின்னக் கப்ச்சர் கருவியில் கொடுத்தால் கொம்பியூட்டரில் பதிவாகும். மூன்று மணி நேரக் கசெட்டுக்கு மூன்று மணி நேரமும் ஓடத்தான் வேண்டும், குறுக்குவழி இல்லை. அதனால்தான் விசா வந்த பிறகு தொடங்கினால் காணாது என்கிறேன்.

சிடி, டிவிடி இதைவிடச் சுலபம். பழைய கலியாண விசிடியைக் கொம்பியூட்டரில் போட்டால் உள்ளே .DAT என்று முடிகிற பெரிய கோப்பு ஒன்று இருக்கும், அதை அப்படியே கொப்பி பண்ணினால் போதும். வீட்டில் எழுதிய தட்டுகள் கடையில் வாங்கும் படத் தட்டுகள் போல இல்லை, சாயம் மங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்காமல் போய்விடும். அவற்றைக் கசெட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

சரி, இதெல்லாம் காசு கொடுத்தால் ரொறன்ரோவிலும் செய்துகொள்ளக்கூடிய வேலை. இங்கேயே செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு உண்மையான காரணம் வேறு. அந்தப் பெட்டியில் இருப்பது உங்கள் குடும்பம் மட்டும் இல்லை.

நம் ஊர்க் கலியாண வீடியோ எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாலி கட்டு முடிந்ததும் வீடியோக்காரர் லைற்றைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு வந்துவிடுவார், சாப்பிடுகிற ஒவ்வொரு முகத்திலும் கமராவை நிறுத்தி நிறுத்திப் போவார், சோறு பரிமாறுகிற பெடியள், அடுப்படியில் நிற்கிற ஆட்கள், பந்தலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நிற்கிறவர்கள் என்று யாரையும் விடமாட்டார். அப்போது அதை இழுவை என்று ஓடவிட்டுத்தான் பார்த்தோம். இன்று வன்னியில் அந்தப் பந்திக் காட்சிக்கு உள்ள பெறுமதி மணவறைக்குக்கூட இல்லை. அதில் இருக்கிறவர்களில் எத்தனையோ பேர் 2009க்குப் பிறகு இல்லை.

என் சின்னம்மாவின் கலியாணம் போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2003இல் நடந்தது. எங்கள் கசெட் கடைசி இடப்பெயர்வில் மாத்தளன் பக்கம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் சுவிஸில் இருக்கும் மாமாவுக்கு அப்போதே ஒரு கொப்பி அனுப்பியிருந்தோம், பல வருடங்களுக்குப் பிறகு அவர் அதை மாற்றி அனுப்பினார். வீட்டில் போட்டுப் பார்த்தபோது பக்கத்து வளவு அம்மாவும் வந்திருந்தார். பந்தியில் அவருடைய மகன் ரசம் வாளியோடு வருகிறான், யாரோ கூப்பிடத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் இப்போது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலில் இருக்கிறான். அந்த அம்மாவிடம் இருந்தது பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றைப் பெரிதாக்கிய பிரதி மட்டும்தான், அதைத்தான் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்துக்கும் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு இருந்தார். மகன் நடக்கிறதை, சிரிக்கிறதை அவர் அன்றுதான் திரும்பப் பார்த்தார். அந்தத் துண்டை மட்டும் வெட்டி அவருடைய போனில் போட்டுக் கொடுத்தோம்.

உங்கள் பெட்டியிலும் இப்படி யாருடைய பிள்ளையாவது இருக்கக்கூடும், அது உங்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். அதனால் கொப்பி எடுக்கும்போது அயலைக் கூப்பிடுங்கள். அம்மம்மா, பெரியப்பா போன்ற மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்தி, இது யார், யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று கேட்டு, எத்தனையாவது நிமிடத்தில் வருகிறார் என்பதோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். போனில் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்தாலும் நல்லது. படத்தை எந்த நாட்டிலும் திருத்தி எடுக்கலாம், பெயர் சொல்லக்கூடியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயது போகிறது. உங்கள் பிள்ளைகள் அங்கே வளர்ந்த பிறகு இந்த வீடியோவைப் பார்த்தால் மாப்பிள்ளை பொம்பிளையைத் தவிர ஒருவரையும் தெரியாது.

ஒன்று கவனியுங்கள். முழு வீடியோவையும் யூடியூப்பிலோ முகநூலிலோ எல்லாரும் பார்க்கும்படி போடாதீர்கள். அதில் இருப்பவர்களில் சிலர் இன்னும் இங்கே வாழ்கிறார்கள், எந்தக் காலத்தில் யாரோடு நின்றார்கள் என்பது வெளியே வருவதை அவர்கள் விரும்பாமல் இருக்கலாம். தேவையானவர்களுக்குத் தேவையான துண்டைக் கையில் கொடுங்கள்.

கொப்பிகள் குறைந்தது மூன்று இருக்கட்டும்: ஒரு ஹார்ட் டிஸ்க் உங்கள் கைப்பையில், இன்னொன்று ஊரில் நிற்கிற சொந்தக்காரரிடம், மூன்றாவது வேறொரு நாட்டில் இருப்பவரிடம் அல்லது இணையச் சேமிப்பில். எங்கள் வீடியோ தப்பியது ஒரு கொப்பி வெளியில் இருந்ததால், நாளைக்கு உங்களுடையது தப்புவது ஒரு கொப்பி இங்கே இருப்பதாலும் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போடவேண்டாம். விமான நிலைய எக்ஸ்ரேயால் கசெட்டுக்கோ டிஸ்க்குக்கோ ஒன்றும் ஆகாது, பெட்டி தொலைவதுதான் பயம்.

சினிமாப் படத் தட்டுகளை விட்டுவிடுங்கள், அவை எங்கேயும் கிடைக்கும், நிறைக்கும் கேடு. மூலக் கசெட்டுகளை மட்டும் கொப்பி எடுத்தாயிற்று என்று எறிந்துவிடாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத உயரமான இடத்தில், புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கி, ஊரில் நிற்கிறவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பூஞ்சணம் பிடித்தவை எத்தனை இருக்கின்றன என்று பார்த்து எழுதினால், அவற்றை என்ன செய்யலாம் என்று தனியாகச் சொல்கிறேன்.