வாசகர் கேள்வி: மூலைகள் சேராத ஒட்டுப் போர்வை

கேள்வி: செங்கோட்டையில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிட்டுத் துணிகளை ஐந்தரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, வரிசைக்கு 12 வீதம் 18 வரிசையில் போர்வை தைக்கத் தொடங்கினேன். நான்கு வரிசை முடிந்ததும் பார்த்தால் மூலைகள் சேரவில்லை. நடுவில் உப்பிக்கொண்டு நிற்கிறது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? உள்ளே பஞ்சு வைக்கலாமா, மாமியார் சொல்வதுபோல் பழைய சேலை போதுமா?

பதில்: எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம், சகோதரி. முதலில் ஒவ்வொரு வரிசையையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒரு சதுரம் 5 அங்குலம் நிற்கும். அப்படியானால் வரிசையின் நீளம் அறுபதரை அங்குலம் இருக்க வேண்டும். ஒரு தையலுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடக்குறைய விழுந்தாலும் 11 தையலில் அது ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டிவிடும். மூலைகள் விலகுவது பெரும்பாலும் இதனால்தான். அளவு தப்பிய வரிசையை மட்டும் பிரித்துவிட்டு, ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெஷின் தகட்டில் ஒட்டு டேப் ஒன்றை ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசியபடியே போகும்படி தையுங்கள்.

அடுத்தது இஸ்திரி. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையினதை வலப்பக்கமும் சாய்த்துத் தேய்த்தால், இரண்டையும் முகத்தோடு முகம் வைக்கும்போது மடிப்புகள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மூலை சேர்ந்ததா என்பதைக் கண்ணைவிட விரல் நுனி சரியாகச் சொல்லிவிடும்.

உப்பலுக்குக் காரணம் வேறு. ரவிக்கை பிட்டுகளில் கை வெட்டும் கழுத்து வெட்டும் போக எஞ்சியவை பல கிராஸாக, அதாவது நூல் ஓடும் திசைக்குச் சாய்வாக இருக்கும். நூலோட்டம் பார்க்காமல் வெட்டிய சதுரம் இழுத்த பக்கம் நீளும். பாலியஸ்டர் கலந்த பிட்டும் தொல்லைதான், ஏனென்றால் துவைத்ததும் பருத்தி சுருங்கும், அது சுருங்காது. சந்தேகமான துணியில் இரண்டு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். இனி வெட்டப்போகும் துணியை முதலில் நனைத்து உலர்த்திவிடுங்கள். சிவப்பு, அரக்கு நிறங்களை ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள்; உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று நம்பி ஒரு போர்வையைப் பாழாக்க வேண்டாம்.

உள்ளே வைப்பதில் உங்கள் மாமியார் சொல்வதே சரி. உதிரிப் பஞ்சை நெருக்கமாகத் தைக்காவிட்டால் துவைக்கையில் ஒதுங்கிக் கட்டிகட்டியாகும். சாரல் காலத்தில் எளிதில் காயவும் காயாது. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையில் 92 அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டு எடுத்து, ஓரங்களை மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி நீளவாக்கில் இணையுங்கள். அடிப்பக்கத்துக்கு எட்டு முழ வேட்டி போதும்: குறுக்கே இரண்டாக வெட்டி, கசவுக் கரை இருந்தால் உறுத்தாதபடி அதை நீக்கிவிட்டு, கரைப் பக்கங்களை இணைத்தால் போர்வையைவிடச் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாகவே கிடைக்கும்.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சதுரங்களின் தையலை ஒட்டியே ஓடுதையல் போடுங்கள். கடைசியில் அந்தக் கூடுதல் வேட்டியை ஓர் அங்குலம் மடித்து, மீண்டும் ஓர் அங்குலம் மேற்பக்கமாக மடித்துத் தைத்தால், தனியே கரை வைக்காமலே விளிம்பு முடிந்துவிடும்.