உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கிறது: பழைய டூ-ஸ்ட்ரோக் குவாட் பைக் கேள்வி பதில்

"நேற்றுகூட ஓடியது" என்று சொல்லித்தான் வண்டியை ஏற்றி அனுப்புவார்கள். வீட்டில் இறக்கிய பிறகு ஐம்பது உதை உதைத்தாலும் இன்ஜினில் உயிர் இருக்காது. ஸ்டார்ட் ஆகாத பழைய டூ-ஸ்ட்ரோக் நாலு சக்கர வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் கைக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: இரண்டு வருடம் நின்ற வண்டியை வாங்கியிருக்கிறேன். ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் புது கார்புரேட்டர் வாங்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். பொருள் வாங்குவது கடைசி வேலை. கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) மூன்றில் எது இல்லை என்று தெரியாமல் எதை மாற்றினாலும் காசு போகும், வண்டி அப்படியே நிற்கும்.

பத்து தடவை கிக்கரை உதைத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே உள்ளே போகவில்லை. கழற்றிய பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உடம்பு ஹெட்டின் வெறும் உலோகத்தில் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று அடித்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் நம்பாதீர்கள்.

அப்புறம், நின்ற வண்டி என்பதால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சர் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிக்கு அதைவிடப் பாதுகாப்பான வீடு கிடைக்காது. சைலன்சர் அடைத்த டூ-ஸ்ட்ரோக் மூச்சு விடவே விடாது.

கேள்வி: கரண்ட் சுத்தமாக வரவில்லை. சி.டி.ஐ. (பிளக் பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்கிறார் நண்பர்.

எல்லோருக்கும் முதலில் சி.டி.ஐ. மேல்தான் சந்தேகம் வரும். அது உண்மையில் போவது அபூர்வம். அதை மீட்டர் வைத்துச் சரியாகச் சோதிக்கவும் முடியாது. அதனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நல்லதொன்றை மாட்டித்தான் முடிவு சொல்ல வேண்டும்.

முதலில் இன்ஜினை நிறுத்த ஹேண்டில் பாரில் இருக்கும் கில் சுவிட்சின் கனெக்டரைப் பிரித்துவிட்டு உதையுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் கில் சுவிட்ச் வேலை செய்வது ஒயரை எர்த் செய்துதான். சுவிட்சுக்குள் துரு ஏறினால் எப்போதும் 'ஆஃப்' செய்த மாதிரியே கிடக்கும். பிரித்தவுடன் கரண்ட் வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. வராவிட்டால் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டி, மறுபடி திருகுங்கள். பிளக் ஒயர் வந்து சேரும் காயிலின் எர்த் இடத்தில் பெயிண்டும் துருவும் இருந்தால் சுரண்டுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டேட்டர், இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் காயில் தொகுதி. மீட்டரில் தெரியும் அதன் ஓம் அளவுகளை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும், பொதுவான எண் கிடையாது.

யமஹா பிளாஸ்டர், பான்ஷீ வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கட்டைவிரல் லீவரில் ஒரு சுவிட்ச், கார்புரேட்டரில் ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இக்னிஷனை வெட்டிவிடும். ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் ஆளைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. பழசானபின் நல்ல வண்டியையும் திக்கித் திணற வைக்கும். முந்தைய ஆள் பாதி ஒயரை வெட்டிப் போட்டிருந்தால் இன்னும் மோசம். அதைக் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். என்ன வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: கரண்ட் நன்றாக இருக்கிறது. பிளக் ஒவ்வொரு தடவையும் தொப்பலாக நனைந்து வருகிறது.

ஓவர்ஃப்ளோ. பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி வெளியே எர்த் செய்து வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து இருபது உதை. காய்ந்த பிளக்கைப் போட்டு, சோக் இல்லாமல் மறுபடி. டேப்பைத் திறந்ததும் பழையபடி ஆனால் கார்புரேட்டரில் ஃப்ளோட் நீடில் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி) சரியாக உட்காரவில்லை.

கேள்வி: எனக்கு நேர் எதிர். டேங்க் நிறைய பெட்ரோல், பிளக் எலும்பாகக் காய்ந்திருக்கிறது.

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவை டம்ளருக்கு மேல் தளர்த்துங்கள். ஒன்றுமே வராவிட்டால் டேப், டேங்க் ஃபில்டர், ஃப்ளோட் நீடில் என்று மேலிருந்து தேட வேண்டும். வந்தால் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாக நின்றால் தண்ணீர். பழுப்பாக, பழைய வார்னிஷ் வாசனையோடு இருந்தால் கெட்டுப்போன பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் இது சகஜம்.

கிண்ணம் நிறைந்தும் பிளக் காய்ந்திருக்கிறதா? பைலட் ஜெட், ஐட்லிங்கில் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டு. குண்டூசிகூட நுழையாத ஓட்டை அது. 'கார்புரேட்டரை ஏற்கெனவே சுத்தம் பண்ணியாச்சு' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அதைக் கழற்றியே இருக்க மாட்டார்கள். கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். வட்டமான ஒளிப் புள்ளி முழுசாகத் தெரிய வேண்டும். கோணலாகத் தெரிந்தாலும் அடைப்புதான். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் அடியுங்கள், கம்பி விட்டுக் குடையாதீர்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் ஜெட்டே வேறு நம்பர் ஆன மாதிரி.

இன்னொரு சின்ன விஷயம்: சோக் போட்டு உதைக்கும்போது ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். இந்த கார்புரேட்டர்களில் சோக் என்பது தனிப் பெட்ரோல் வழி. ஸ்லைடு (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் அடைப்பு) மூடியிருந்தால்தான் அது உறிஞ்சும். பதற்றத்தில் கட்டைவிரல் தானாக அமுங்கிவிடும், பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். ஸ்ப்ரேயில் ஆயில் கிடையாது. ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு டீஸ்பூன் பிளக் ஓட்டையில் ஊற்றி உதையுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி நின்றால் உங்கள் கோளாறு கார்புரேட்டர் பக்கம்.

கேள்வி: கம்ப்ரஷன் 85 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. போதுமா?

எப்படி அளந்தீர்கள்? ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை உதைத்திருக்க வேண்டும். மூடிவைத்து அளந்தால் நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். சரியாக அளந்தும் 85 என்றால் குறைவு. 120-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 100-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் செய்வதே பாடு. ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து எண் ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கின்றன. சைலன்சர் வளைவைக் கழற்றி ஓட்டை வழியே பிஸ்டனைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கோடு விழுந்திருந்தால் இது ஏற்கெனவே ஒருமுறை சீஸ் ஆன (பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்த) இன்ஜின். அதை ரிங் மட்டும் மாற்றி ஓட்ட நினைக்காதீர்கள்.

கேள்வி: ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிவிட்டது! ஆனால் ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் உடனே இறங்கவில்லை, சில சமயம் தானே ஏறுகிறது. ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள், இப்போதே நிறுத்துங்கள். கேபிள் மாட்டாமல், ஸ்லைடு சரியாக மூடுகிறது என்றால் எங்கிருந்தோ காற்று இழுக்கிறது.

இதே அறிகுறியோடு வந்த ஒரு வண்டியை நான் வாங்கினேன். ஒரு வாரம் உதைத்த பிறகு ஸ்டார்ட் ஆனது. அந்தச் சந்தோஷத்தில் ஐட்லிங் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு ஓட்டக் கிளம்பினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழு ஆக்சிலேட்டரில் 'கீச்' என்ற சத்தம், பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் பக்கவாட்டில் அலுமினியம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. காரணம், மேக்னட் வீல் பக்கத்தில் கிராங்க் தண்டைச் சுற்றி இருக்கும் ஆயில் சீல், உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் வளையம். தப்பு விற்றவர் மேல் பாதி என்றால் என் மேலும் பாதி.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை) போய்த்தான் மேலே ஏறும். அதனால் கிராங்க் கேஸ் காற்று புகாமல் இருக்க வேண்டும். மேக்னட் பக்க சீல் போனால் வெறும் காற்று புகும், கலவை மெலியும், சூடு ஏறும். கியர் பக்க சீல் போனால் கியர் ஆயிலையே குடித்து வெள்ளைப் புகை கக்கும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, கார்புரேட்டர் மாட்டும் ரப்பர் வாயையும் சிலிண்டரில் சைலன்சர் மாட்டும் ஓட்டையையும் அடைத்து, 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றிவிட்டு 6 நிமிடம் காத்திருங்கள். அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம், நல்ல சீலும் பிதுங்கிவிடும். அளவு இறங்கினால் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள், நுரை வரும் இடம்தான் ஓட்டை. இன்டேக் ரப்பரின் வெடிப்பு, சிலிண்டர் அடி கேஸ்கட், மேக்னட் மூடிக்குள் இருக்கும் சீல், மூன்றையும் விடாதீர்கள்.

கேள்வி: கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது, கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது.

மேக்னட் வீலுக்கும் கிராங்க்குக்கும் இடையில் அரை நிலா வடிவில் ஒரு சின்னச் சாவி உண்டு. நட் தளர்ந்தால் அது வெட்டுப்பட்டு, வீல் கொஞ்சம் நகர்ந்து, டைமிங் தப்பும். வீலைப் புல்லர் போட்டுக் கழற்றுங்கள், சுத்தியல் எடுக்காதீர்கள். ஒரு வேடிக்கை: டைமிங் கெட்ட டூ-ஸ்ட்ரோக் சில சமயம் தலைகீழாகச் சுற்றி ஸ்டார்ட் ஆகும். முதல் கியரில் வண்டி பின்னால் போகும். பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோலில் ஆயில் எவ்வளவு? முந்தையவர் 'கொஞ்சம் ஊற்றுவேன்' என்றார்.

முதலில் உங்கள் வண்டிக்கு ஆயில் பம்ப் இருக்கிறதா, இருந்து கழற்றப்பட்டதா என்று பாருங்கள். பம்ப் கழற்றிய வண்டியில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் போச்சு. 32-க்கு 1 என்றால் லிட்டருக்கு 31 மி.லி., 40-க்கு 1 என்றால் 25 மி.லி. உங்கள் கையேடு சொல்லும் விகிதத்தை அளந்து ஊற்றுங்கள். ஆயில் அதிகமானால் பாதுகாப்பு என்று நினைத்து இரட்டிப்பாக ஊற்றுபவர்கள் உண்டு. அதே ஜெட் வழியே ஆயில் கூடப் போனால் பெட்ரோல் குறைவாகப் போகும், பிளக்கும் கரி பிடிக்கும்.

கேள்வி: எல்லாம் சரியாகி ஓடுகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

அடுத்த தடவை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றோட்டக் குழாய் அடைத்திருக்கிறது. அதை ஊதிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இழுக்கவில்லை என்றால், சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றிக் கரண்டைப் பாருங்கள். ஆறியபின் பார்த்துப் பயனில்லை. சூட்டில் மட்டும் சாகும் ஸ்டேட்டர் ஆறியதும் ஒன்றும் தெரியாத மாதிரி வேலை செய்யும்.