கொடைக்கானல் வீட்டை நாள் வாடகைக்கு விட்டேன், நகராட்சி நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: கொடைக்கானலில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. 1998-இல் நகராட்சியில் பிளான் அப்ரூவல் வாங்கித் தரைத்தளம் கட்டினார். 2014-இல் மாடியில் இரண்டு அறைகள் சேர்த்தார். அதற்கு அனுமதி வாங்கியதற்கான காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா, அக்கா, நான் ஆகிய மூவரும் வாரிசுகள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். வீடு சும்மா கிடக்கிறதே என்று ஒன்றரை வருடமாக ஏர்பிஎன்பி ஆப் மூலமாகவும் தெரிந்தவர்கள் மூலமாகவும் நாள் வாடகைக்கு விட்டேன். வாட்ச்மேன் சாவியைப் பார்த்துக்கொள்கிறார். கேட்பவர்களுக்கு அவர் மனைவி சமைத்துக் கொடுக்கிறார். வெளிநாட்டவர் சிலரும் தங்கியிருக்கிறார்கள். போன வாரம், அனுமதியில்லாத கட்டுமானம் என்றும் குடியிருப்பை விடுதியாகப் பயன்படுத்துவதாகவும் சொல்லி ஏழு நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அப்புறம் இ.பி. ஆட்களும் வந்து மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். நாற்பதாயிரம் கொடுத்தால் ஹோம்ஸ்டே லைசென்ஸ் வாங்கித் தருகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு ஏஜென்ட். வேறொருவர் வீட்டை அப்படியே மாதக் குத்தகைக்குக் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவர் லைசென்ஸ் வாங்கியே தந்தாலும் உங்களுக்கு வந்திருக்கும் நோட்டீஸுக்கு அது பதிலாகாது. ஹோம்ஸ்டே பதிவு சுற்றுலாத் துறை விஷயம். நோட்டீஸ் கட்டடத்தைப் பற்றியது. கட்டடம் சரியாக இருந்தால்தான் மற்றப் பதிவுகளைப் பற்றிப் பேசவே முடியும். மலை ஊர்களில் வீடு வைத்திருக்கும் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள்.

முதல் வேலையாக இன்றே புக்கிங்கை நிறுத்துங்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் நோட்டீஸ் கையில் இருக்கும்போது ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து இறங்கினால், அந்தப் புகைப்படம் ஒன்றே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். நிறுத்திய தேதியைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஏழு நாள் முடிவதற்குள் ஒரு பதில் கொடுங்கள்: நாள் வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டேன், 1998-ஆம் ஆண்டு அனுமதி இருக்கிறது, மாடி சம்பந்தமான ஆவணங்களைத் தேடி எடுக்கக் கால அவகாசம் தேவை. இவ்வளவு போதும். மாடிக்கும் அனுமதி இருக்கிறது என்று தெரியாமல் எழுதிவிடாதீர்கள். பதிலை அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பின்னால் கொடுத்தாரா இல்லையா என்று விசாரிக்கிற நிலை வேண்டாம்.

கூடவே, உங்கள் வீட்டுக் கோப்பில் உள்ள அங்கீகரித்த வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. அப்பா அனுமதி வாங்கியிருந்து காகிதம் தொலைந்திருந்தால் இதில் தெரிந்துவிடும்.

சரி, மாடிக்கு அனுமதியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ஐ எடுத்துப் பார்த்தால், புதிதாகக் கட்டுவது மட்டுமல்ல, கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய காரியம்தான். ஆகவே உங்கள் மேல் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று, மாடி. மற்றது, வீடு என்று வரைபடத்தில் உள்ளதை விடுதியாக நடத்தியது. இரண்டாவது, நீங்கள் நிறுத்தியதுமே பெருமளவு வலுவிழந்துவிடும். முதலாவது அப்படியே நிற்கும். அந்தச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி சீல் வைக்கவும் இடிக்கச் சொல்லவும் அதிகாரம் உண்டு.

அனுமதியில்லாமல் கட்டியதைப் பின்னால் அங்கீகாரம் வாங்கி வரன்முறைப்படுத்த முடியாதா என்பீர்கள். அதே சட்டத்தின் 113-சி பிரிவில் வந்த வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கானது. உங்கள் மாடி 2014. எனவே அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. இப்போதைய விதிகளுக்குள் மாடி அடங்குமா என்று பதிவு பெற்ற பொறியாளரை வைத்து அளந்து பார்த்து, அடங்கினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். பக்க இடைவெளி, உயரம், நிலத்தின் சரிவு எல்லாம் பார்ப்பார்கள். மலைப்பகுதி என்பதால் சமவெளியில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் அனுமதியை இங்கே எதிர்பார்க்க முடியாது. அடங்காவிட்டால் அடங்காத பகுதியை நீங்களே எடுத்துவிடுவது செலவு குறைந்த வழி. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் கொடைக்கானலில் இந்த விஷயத்தில் நீதிமன்றங்கள் எளிதில் இளகுவதில்லை. பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் அரசே கட்டட விதிகளிலிருந்து விதிவிலக்கு அளித்து ஆணை போட்டிருந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, 1995-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அனுமதிக்கு மேல் எழுப்பிய மாடிகள் இடிபட வேண்டியதாயிற்று. 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின் பேரில் ஊர் முழுக்க விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். அரசாணையே நிற்காத இடத்தில் ஏஜென்டின் லைசென்ஸ் எந்த மூலைக்கு?

சீல் வைத்துவிட்டால் 80-ஏ பிரிவில் அரசிடம் மறு ஆய்வு கேட்கலாம். நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், சட்டத்தில் வழி இருக்கிறதே, அங்கே போ என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். நோட்டீஸே கொடுக்காமல் சீல் வைத்தார்கள் என்பது போன்ற பெரிய குறை இருந்தால் மட்டும் கதை வேறு. உங்களுக்குத்தான் நோட்டீஸ் வந்திருக்கிறதே.

இப்போது ஹோம்ஸ்டே. பெயரிலேயே நிபந்தனை இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி ஒன்று முதல் ஆறு அறை வரை, பன்னிரண்டு படுக்கைக்கு மிகாமல், உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். நீங்கள் சென்னையில், சாவி வாட்ச்மேனிடம் என்றால் அது ஹோம்ஸ்டே கிடையாது. சின்ன லாட்ஜ். லாட்ஜ் என்றால் வணிகக் கட்டட அனுமதி, நகராட்சியின் தொழில் உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, வணிகச் சொத்துவரி என்று போகும், அதுவும் அந்த மண்டலத்தில் வணிகம் அனுமதிக்கப்பட்டிருந்தால். ஏஜென்ட் உங்களை எங்கே குடியிருப்பதாக எழுதப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஆதாரும் ரேஷன் கார்டும் சென்னை முகவரி காட்டும்போது, கொடைக்கானலில் வசிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் புதிதாக ஒரு பொய் வாக்குமூல வழக்கைத் தேடிக்கொண்டதாகும்.

நேர்மையான வழி ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அம்மா கொடைக்கானல் வீட்டில் வந்து வசிக்க முடியுமா? அவருக்குக் குளிர் ஒத்துக்கொண்டு, அங்கேயே இருக்க விருப்பமும் இருந்தால், அவர் பெயரில், 1998 வரைபடத்தில் உள்ள தரைத்தள அறைகளை மட்டும் காட்டி, மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மாடி தீரும்வரை பூட்டியே இருக்கட்டும். பெயருக்கு அம்மா, ஆளுக்கு வாட்ச்மேன் என்றால் வேண்டாம்.

அம்மா பெயரில் என்று சொன்னதும் அடுத்த விஷயம் வந்துவிடுகிறது. நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர், வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால், உயில் இல்லாததால் அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அக்கா கையெழுத்து இல்லாமல் எந்த விண்ணப்பமும் நிற்காது. ஒன்றரை வருட வாடகையிலும் அவருக்குப் பங்கு உண்டு. செலவைக் கழித்துக் கணக்கு எழுதி, அவர் கேட்பதற்கு முன் நீங்களே காட்டுங்கள். இது மாதிரி வீடுகளில் நகராட்சிக்குப் புகார் எழுதும் கை பல நேரம் உறவுக்கை. உங்கள் அக்காவைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். வாரிசுச் சான்றிதழ் எடுத்து, சொத்துவரியையும் மின் இணைப்பையும் வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள்.

இ.பி. விஷயத்தில்தான் ஆட்கள் அசட்டையாக இருந்து கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்கிக்கொண்டு விடுதி நடத்துவது, மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவில் அங்கீகாரமில்லாப் பயன்பாடு. அவர்கள் குறித்துக்கொண்டு போனதன் அடுத்த கட்டம் தற்காலிக மதிப்பீட்டு ஆணை. உரிய கட்டண விகிதத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆணை வந்ததும் இரண்டு வழி. ஒப்புக்கொண்டால் ஏழு நாளில் கட்டிவிடலாம். ஒப்பாவிட்டால் மதிப்பீட்டு அதிகாரியிடம் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும்; அவர் இறுதி ஆணை போட்டபின் 30 நாளில் மேல்முறையீடு, அதற்கும் மதிப்பிட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. வருடம் முழுக்க விருந்தாளி இருந்ததில்லை அல்லவா? எந்தெந்த மாதம் வீடு காலியாகக் கிடந்தது என்பதை உங்கள் ஏர்பிஎன்பி கணக்கே தேதியோடு காட்டும். அந்தப் பட்டியலை ஆட்சேபத்தோடு இணையுங்கள், தொகை குறைய நல்ல வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டவர் தங்கியதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கொடைக்கானலை அடுத்து வெளிநாட்டவர் அதிகம் தங்கும் வட்டக்கானல் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு நோட்டீஸைவிட இதுதான் கவலை. வெளிநாட்டவர் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். சி படிவம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 வந்திருக்கிறது. தங்குமிடம் தருபவரின் கடமை அதிலும் தொடர்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கனடா பாஸ்போர்ட்டோடு வரும் யாழ்ப்பாணத்துக் குடும்பமும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருக்கும் மதுரைக்காரரும் இதில் அடக்கம். பழைய விருந்தாளிகளின் பெயர், தேதி, பாஸ்போர்ட் நகல் என்று எது இருக்கிறதோ அதை அப்படியே திரட்டி வையுங்கள். போலீஸ் கேட்டால் இருப்பதைக் கொடுங்கள். இப்போது உட்கார்ந்து பழைய தேதி போட்டு ரிஜிஸ்டர் எழுதாதீர்கள். படிவம் அனுப்பாதது ஒரு குற்றம் என்றால் ஆவணம் ஜோடிப்பது அதைவிடப் பெரிய குற்றம். இந்தியர்களிடமும் ஆளுக்கு ஓர் அடையாள அட்டை நகல் வாங்கும் பழக்கம் வேண்டும். மலைக்கு வரும் வண்டிகளுக்கு எடுக்க வேண்டிய இ-பாஸ் 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது, அதன் நகலையும் சேர்த்து வாங்கினால் யார், எந்த வண்டியில் வந்தார்கள் என்பதற்கு நல்ல சான்று.

வரியில் பெரிய சிக்கல் இருக்காது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை; ஆப் மூலம் வந்த புக்கிங்குக்கு அந்த ஆப் நிறுவனமே வரியைக் கட்டும். வருமான வரிக் கணக்கில் மட்டும் மறைக்காதீர்கள், ஆப் நிறுவனம் உங்கள் பான் எண்ணில் ஏற்கெனவே தெரிவித்திருக்கும். வாட்ச்மேன் மனைவி சமைப்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், சின்ன அளவில் என்றால் கட்டணம் சொற்பம்தான்.

மறுபடி எப்போது ஆரம்பித்தாலும் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோக விடாதீர்கள். குளிருக்கு மூட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கினால் புகை உயிரை எடுத்துவிடும். அப்படி ஒன்று நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக ஐந்து ஆண்டு வரை சிறை. வழக்கில் வாட்ச்மேன் பெயரோடு உங்கள் பெயரும் வரும்.

கடைசியாக, மாதக் குத்தகைக்காரர். நோட்டீஸ் நிலுவையில் இருக்கும்போது விடுதி நடத்தக் கொடுக்காதீர்கள். அவர் நடத்தினாலும் கட்டடம் உங்களுடையது, அடுத்த நோட்டீஸும் உங்களுக்கே வரும். குடும்பத்தோடு தங்கிக் குடியிருக்க வருபவர் என்றால் தரைத்தளத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்; அது வரைபடத்துக்கு ஒத்துப்போகிற பயன்பாடு. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். உள்வாடகைக்கோ நாள் வாடகைக்கோ விடக்கூடாது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். நீங்கள் கடிதத்தில் சொல்லாவிட்டாலும் அந்தக் குத்தகைக்காரரிடம் ஏதாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால், வங்கி வழியாகவே திருப்பிக் கொடுத்து எழுத்தில் ரசீது வாங்கிவிடுங்கள்.