லயத்தைப் படமெடுக்கக் கைப்பேசி போதுமா?

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்போது சில குடும்பங்கள்தான் மிச்சம். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தை உடைக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்குள் வீடுகளையும் பெரியவர்களையும் மாரியம்மன் கோயில் தீமிதியையும் படமெடுத்து வைக்க ஆசை. என்னிடம் இருப்பது சாதாரணக் கைப்பேசி. 'நல்ல கேமரா இல்லாமல் எடுப்பதெல்லாம் வீண்' என்கிறார் அண்ணன். நாலாயிரம் வெள்ளி சேரும்வரை காத்திருக்கவா?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியோடு போய்விடுங்கள். பணம் சேருவதற்குள் லயம் இல்லாமல் போனால் எந்தக் கேமராவாலும் பயனில்லை.

பகல் வெளிச்சத்தில் உங்கள் கைப்பேசி தாராளமாகப் போதும். லயத்து அடுப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே புகை படிந்த கருஞ்சுவர், பின்வாசலுக்கு வெளியே கண்ணைக் கூசும் வெயில். கேமராவில் ஒரே படமாக எடுத்தால் சுவர் இருண்டுவிடும், இல்லையென்றால் வாசல் வெளுத்துவிடும். கைப்பேசியோ ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்துத் தானே ஒன்றாகச் சேர்க்கிறது. சுவரின் கரியும் தெரியும், வெளியே நிற்கும் வாழையும் தெரியும். அச்சுக்கும் கவலையில்லை. 12 மெகாபிக்சல் படத்தை 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரை தெளிவாக அச்சடிக்கலாம்.

பெரியவர்களை எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். கைப்பேசியின் முக்கிய லென்ஸ் அகலமானது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி முகமே மாறிவிடும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று ஜூமை 2 மடங்கில் வைத்து எடுங்கள். முகத்தை மெருகேற்றும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். காலமெல்லாம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவரின் சுருக்கங்களை அது வழித்தெடுத்துவிடும். எனக்கு அதைப் பார்த்தாலே ஆத்திரம் வரும். பின்னணியை மங்கலாக்கும் வசதியும் வேண்டாம். நரைமுடியின் ஓரங்களையும் கொண்டைப் பூவையும் கடித்து வைக்கும். அதோடு, பின்னால் இருக்கும் லயம்தானே உங்களுக்கு வேண்டும்?

அண்ணன் சொல்வது தீமிதிக்குப் பொருந்தும். வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சார் கைப்பேசியில் விரல் நகத்தளவுதான். முழு அளவுக் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. அவ்வளவு பரப்பில் விழும் வெளிச்சமும் அதிகம். அந்தி சாய்ந்தபின் கைப்பேசி பல படங்களைச் சேர்த்துத்தான் வெளிச்சம் தேடுகிறது. பூக்குழியில் ஓடுகிறவர் அதற்காக நிற்பாரா? கால்கள் கரைந்துபோகும், தணலும் வெளிறிப்போகும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஜூம் செய்தால் இன்னும் மோசம். அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஈப்போவில் கேமராவும், வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விடும் எஃப் 1.8 லென்ஸும் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் வையுங்கள், வெளிச்சத்தை உணரும் திறனைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் தட்டட்டும். முந்தின நாள் சாயங்காலமே வாங்கி, தெருவில் ஓடும் பிள்ளைகளை எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். உறவினருக்கு அனுப்புவதென்றால் ஆவணமாக அனுப்புங்கள். மூலப் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை அண்ணன் வீட்டில் வையுங்கள். எடுத்த தேதியைக் கைப்பேசியே பதிந்து வைக்கும். படத்தில் இருப்பவர் பெயர், எந்த வீடு, யார் தண்டல் (வேலையாட்களை மேற்பார்த்தவர்), யார் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்பதையும் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்.