படகு இரவில் எங்கே கிடக்கிறது?

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 18 அடி மரப்படகு ஆண்டு முழுவதும் கடலிலேயே கட்டிக் கிடக்கிறது. அடிப்பலகை இரண்டு உளுத்துவிட்டன. தரகர் செங்கால் என்ற கடினமரம் தருகிறேன் என்கிறார். கடைக்காரர் மரீன் பிளைவுட் (படகுக்கான ஒட்டுப்பலகை) போதும், பாதி விலை என்கிறார். எதை வாங்குவது, ஐயா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: படகு நீரிலேயே கிடக்கிறது என்றால் பிளைவுட்டை மறந்துவிடுங்கள். உங்கள் அப்பாவின் படகு பலகையோடு பலகை சேர்த்துக் கட்டியது. ஊறிய பலகைகள் உப்பி ஒன்றையொன்று நெருக்குவதால்தான் சந்து அடைபடுகிறது. பிளைவுட் அப்படி உப்பாது. பக்கத்துப் பலகை எந்த மரமோ அதே மரத்தை அதே கனத்தில் போடுங்கள்.

அது பெரும்பாலும் செங்காலாகத்தான் இருக்கும். திரங்கானு மாநிலத்தின் புலாவ் டூயோங் தீவில் தலைமுறை தலைமுறையாக, வரைபடம் இல்லாமலே, அந்த மரத்தில் படகு கட்டுகிறார்கள்.

ஆனால் தரகரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கனக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். பாலாவ் மரமும் கல்லாய்க் கனக்கும். வைரம் பாய்ந்த பகுதிதான் கடலில் மரத்தைத் துளைக்கும் காப்பாங் புழுவைத் தாங்கும், வெளுத்த விளிம்பு தாங்காது. போன ஆண்டு பினாங்கின் பத்து மாவுங் என்ற ஊரில் ஒருவர் வாங்கிவந்த பலகையின் ஓரத்தை உளியால் சுரண்டினேன். பழுப்பு எண்ணெய்க்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வைக்கோல் நிறம்! விற்றவர்மீது புகார் செய்யப் போனோம். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் காட்டியது, அது மூன்றாவதைக் காட்டியது. ஏழை மீனவன் எத்தனை நாள் வேலையை விட்டு அலைவான்?

பிளைவுட்டுக்கு ஓர் இடம் உண்டு. முழுப் படகையும் பிளைவுட்டிலேயே கட்டி, ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருபவர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அப்போதும் வெட்டிய விளிம்பு, ஆணித் துளை எல்லாவற்றுக்கும் எபோக்சி பிசின் பூச வேண்டும். மழைநீர் உள்ளே தேங்கக் கூடாது. உப்புநீரைவிட நன்னீர்தான் மரத்தைச் சீக்கிரம் அழுக வைக்கும். 'பி.எஸ். 1088' என்ற மரீன் பிளைவுட் தர முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், முத்திரையை யாரும் குத்திவிடலாம். உள்ளங்கை அளவு துண்டு வெட்டி வாங்கி, ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, உலர்ந்தபின் விளிம்பில் கத்தி முனையை வைத்து நெம்பிப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை படகுக்கு ஆகாது. விளிம்பில் பொந்து தெரிந்தால் கொதிக்க வைக்கக்கூடத் தேவையில்லை.