உடைக்காமல் விட்ட தறிகள்

அன்புள்ள ஐயா,
தொழில்நுட்பம் சமூகத்தை மாற்றிய விதம் பற்றிக் கல்லூரிக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். மூல ஆவணங்களை வைத்துத்தான் எழுத வேண்டுமாம். எத்தனை ஆவணம் போதும்? பழைய ஆங்கிலம் புரியவில்லை, சுருக்கத்தைப் படித்தால் போதாதா? 1811இல் இங்கிலாந்தில் இயந்திரங்களை உடைத்த லட்டைட்டுகள் புதுமைக்குப் பயந்தவர்கள் என்று தொடங்கியிருக்கிறேன். சரிதானே?
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

எத்தனை ஆவணம் என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். பழைய ஆங்கிலம் நாலு நாளில் பழகிவிடும். உங்கள் முதல் வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர்கள் எழுதிய ஒரு கடிதத்தைக்கூடப் படிக்காமல் பயந்தவர்கள் என்று எப்படித் தீர்ப்பு எழுதினீர்கள்?

நாட்டிங்ஹாம் பக்கத்தில் அவர்கள் உடைத்தது காலுறை பின்னும் தறியை. வில்லியம் லீ அதை உருவாக்கியது 1589இல். இருநூறு வருடமாகத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தறியைக் கண்டு யாராவது பயப்படுவார்களா? 'நெட் லட் அலுவலகம், ஷெர்வுட் காடு' என்று, தங்கள் கற்பனைத் தலைவன் நெட் லட் பெயரில் கையெழுத்திட்டு 1812 ஜனவரியில் அவர்கள் விட்ட அறிக்கை இருக்கிறது. ஒத்துக்கொண்ட கூலியைத் தராதவர்கள், மோசடிச் சரக்கு செய்பவர்கள் என்று குற்றச்சாட்டு வரிசையாக வருகிறது. அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்துக் காலுறை என்று விற்றார்கள். தையல் விட்டால் அது பிரிந்துபோகும். தொழிலின் பெயரே கெடுகிறதே என்ற ஆத்திரம் அது. சரியான கூலி கொடுத்தவரின் தறியைத் தொடாமல், பக்கத்தில் இருந்ததை மட்டும் உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பயந்தவன் இப்படிப் பொறுக்கி எடுத்தா உடைப்பான்?

யார்க்‌ஷயரில் கதை வேறு. கம்பளித் துணியின் மேல்மயிரைக் கத்தரிக்கும் இயந்திரம் அங்கே நிஜமாகவே வேலையைப் பறித்தது. சுருக்கத்தில் இரண்டும் ஒரே வரியாகிவிடும். அந்தக் கடிதங்கள் பிழைத்த விதத்தையும் யோசியுங்கள். எழுதியவனைப் பிடிப்பதற்காக நீதிபதிகள் லண்டனில் உள்துறைக்கு அனுப்பிவைத்த காகிதங்கள் அவை. தறி உடைத்தால் மரண தண்டனை என்று 1812இல் சட்டமே வந்தது. 1813 ஜனவரியில் யார்க் நகரில் பதினேழு பேரைத் தூக்கிலிட்டார்கள். வேட்டையாடியவன் சேர்த்து வைத்ததிலிருந்துதான் வேட்டையாடப்பட்டவனின் குரலை நாம் கேட்கிறோம் அம்மா. கொஞ்சம் நிதானமாகக் கேட்கக் கூடாதா?

என் அப்பா அச்சுக்கோப்பவர். அச்சகத்தில் கம்ப்யூட்டர் வந்ததும் அவர் வேலை போனது. 'அப்பாவுக்குப் புது மெஷின் ஒத்துவரவில்லை' என்று வீட்டில் சொல்வோம். இருபது வருடம் நானும் அதையே சொன்னேன். அவர் இறந்த பிறகுதான் அவருடைய கணக்கு நோட்டைத் திறந்தேன். அந்த வருடம் ஓவர்டைம் பத்தி முதலில் பாதியானது, அப்புறம் வெறும் கோடு. கம்ப்யூட்டர் என்ற சொல்லே எங்கும் இல்லை. ஆனால் செலவுப் பக்கத்தில் மூன்று மாதம் தொடர்ந்து ஒரு வரி: 'டைப்பிங் வகுப்பு'. ஐம்பத்திரண்டு வயதில், எங்கள் யாருக்கும் தெரியாமல், கற்றுக்கொள்ளப் போயிருக்கிறார். அவரை அந்த மெஷின் முன்னால் யாரும் உட்கார வைக்கவில்லை.

அந்த ஜனவரி அறிக்கையை அகராதியோடு உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். அதுவரை முதல் வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக வைத்திருங்கள். படித்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.